கிள்ளான் முதல் லோயாட் வரை: திரை இருண்ட மடிக்கணினிக்கு ஒரு வழித்தடம்

கிள்ளான் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிடம் நடந்தால் ஜாலான் தெங்கு கிளானா வந்துவிடும். மல்லிகைச் சரம், பலகார மணம், சேலைக் கடைப் பாட்டு என எல்லாம் கலந்த தெரு அது. வார இறுதியில் இங்கிருந்து கோலாலம்பூர் போகும் கொமுட்டரில் ஏறுகிறவர்களில் சிலர் தோளில் மடிக்கணினிப் பையை மாட்டியிருப்பார்கள். சிலருக்கு அலுவலக வேலை. சிலருக்கோ அந்தக் கணினிக்கே வைத்தியம் பார்க்கும் வேலை. திரை இருண்டுவிட்டது, விசைப்பலகையில் பாதி எழுத்து விழவில்லை என்றால், கிள்ளான் பள்ளத்தாக்கில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் லோயாட்.

இது சின்ன விஷயமாகத் தெரியலாம். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோதுதான் அதன் கனம் பல வீடுகளுக்குப் புரிந்தது. ஒரே மடிக்கணினியில் அண்ணனுக்குப் பல்கலைக்கழக வகுப்பு, தங்கைக்குப் பள்ளிப் பாடம், அப்பாவுக்கு அலுவலகக் கூட்டம். அந்த ஒன்று படுத்துக்கொண்டால் மூன்று பேரின் நாளும் கெட்டது. இன்றும் ஆய்வேடு, வேலை விண்ணப்பம், குடும்பப் படங்கள் என எல்லாமே அதற்குள்தான் இருக்கின்றன. ஆகவே ரயில் ஏறுமுன் வீட்டிலேயே அரை மணி நேரம் செலவழிப்பது நல்லது.

முதலில் திரை. கணினியை இயக்கி, இருட்டறையில் கைப்பேசி விளக்கைத் திரைமேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் பின்விளக்கோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியோ பழுது. மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் வழியாகச் செல்லும் மெல்லிய கம்பிநாடா மேல் சந்தேகப்படலாம். அதை மாற்றுவது பெரும்பாலும் முழுத் திரையை மாற்றுவதைவிட மலிவு. அடுத்து, எச்டிஎம்ஐ கம்பியால் வீட்டுத் தொலைக்காட்சியில் இணையுங்கள். அங்கே படம் தெளிவாக வந்தால் கணினியின் உள்பகுதி பெரும்பாலும் நலம். எதுவும் வராவிட்டால் விண்டோஸ் விசையோடு ‘பி’யை அழுத்திக் காட்சி முறையை மாற்றிப் பாருங்கள். தொலைக்காட்சியிலும் அதே கோடுகள், அதே கோளாறு தெரிந்தால் பழுது திரையில் இல்லை. வரைகலைப் பகுதியிலோ தாய்ப்பலகையிலோ இருக்கக்கூடும், செலவும் கூடும்.

பிறகு விசைப்பலகை. யுஎஸ்பி விசைப்பலகை ஒன்றை இரவல் வாங்கிச் செருகுங்கள். அதில் எல்லா எழுத்தும் விழுந்தால் மென்பொருளில் குறையில்லை. கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பிலேயே உள்விசைகள் வேலை செய்யவில்லையென்றால் அது வன்பொருள் பழுது. சில நேரம் சிக்கிக்கொண்ட ஒற்றை விசையே இரண்டு நோய் போல நடிக்கும். ஒளியைக் குறைக்கும் விசை அழுந்தியே கிடந்தால் திரையும் இருண்டுபோகும். தே தாரிக் கொட்டியிருந்தால் கதை வேறு. தண்ணீர் உலர்ந்த பிறகும் பாலும் சர்க்கரையும் விசைகளுக்கு அடியில் பசையாக நிற்கும், உலோக இணைப்புகளை அரிக்கும். உடனே அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, கவிழ்த்து வைத்துவிட்டு, திரும்பப் போட்டுப் பார்க்காமல் கடைக்கு எடுத்துச் செல்வதே முறை. விசைப்பலகையின் நடுப்பகுதியோ தொடுபலகையோ மேலே புடைத்திருந்தால் மின்கலம் உப்பியிருக்கலாம். அழுத்தவோ குத்தவோ மின்னேற்றம் செய்யவோ கூடாது. தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

கொமுட்டர் ஓடும் இந்த வழித்தடம் பழையது. சிலாங்கூரின் முதல் ரயில் பாதை 1886-ல் கோலாலம்பூருக்கும் கிள்ளானை ஒட்டிய புக்கிட் கூடாவுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஆற்றின் மேல் பாலம் வந்து 1890-ல் ரயில் கிள்ளானை எட்டியது. செங்கற்சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸ் பின்னர் ரயில்வே பணியாளர்களின் ஊரானது. தமிழ்நாட்டிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த குடும்பங்கள் அங்கே வேர்விட்டன.

கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் அதே பிரிக்பீல்ட்ஸ்தான். துன் சம்பந்தன் சாலை நடைபாதையில் புடைப்புக் கோடுள்ள மஞ்சள் ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். பார்வையற்றோர் கைத்தடியால் தடவி நடக்கும் பாதை அது. 1951-ல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. திரை போய்விட்டால் கணினியே போய்விட்டது என்று நினைப்பவர்கள் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். பார்வையற்றவர்கள் திரையைப் பார்க்காமலே மின்னஞ்சல் எழுதுகிறார்கள், கணக்குப் பார்க்கிறார்கள். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அவர்களுக்குத் துணை. பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கர்ரன் 2006-ல் தொடங்கிய என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸ் கணினியிலேயே ‘நரேட்டர்’ இருக்கிறது. கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பேசத் தொடங்கும். வெளித்திரை கிடைக்காத அவசரத்தில் முக்கியக் கோப்புகளை வன்தட்டுக்கு நகலெடுக்க அந்தக் குரல் போதும்.

வெளி விசைப்பலகையில் தமிழ் எழுத்துகள் அச்சிட்டிருக்காதே என்ற கவலையும் வேண்டாம். மலேசியரான முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் முறையில் ‘அம்மா’ என்ற ஒலியை ஆங்கில விசைகளிலேயே தட்டலாம். எந்தக் கடை விசைப்பலகையும் தமிழுக்கு உதவும்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து மோனோரயில் ஏறினால் துன் சம்பந்தன், மகாராஜாலேலா, ஹங் துவா தாண்டி இம்பி. அங்கிருந்து லோயாட் பிளாசா நடக்கும் தூரம். 1999-ல் திறக்கப்பட்ட இந்த வணிக வளாகத்தில் மாடிக்கு மாடி கணினிக் கடைகள். புதுப்பொருள் விற்கும் கடைகளைத் தாண்டி மேலே போனால் பழுது பார்க்கும் சிறு கடைகள் வரிசையாக இருக்கும். முதல் கடையிலேயே கணினியைக் கொடுத்துவிடாதீர்கள். அடிப்பக்கத்தில் உள்ள முழு மாதிரி எண்ணைக் காட்டி மூன்று கடைகளில் விலை கேளுங்கள்.

கேட்க வேண்டியவை சில. மாற்றும் திரை அதே தெளிவுத்திறனும் அதே வகையும் கொண்டதா? இணைப்புமுனை 30 ஊசியா, 40 ஊசியா? பொருந்தாத திரை எரியாது. விசைப்பலகை தனியாகக் கழலுமா, மேல்மூடியோடு சேர்த்து அறையப்பட்டதா? சேர்ந்ததென்றால் கூலி ஏறும். பழைய பாகத்தைத் திருப்பித் தருவார்களா? உத்தரவாதம் எத்தனை மாதம்? எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டாம். சோதிக்கத் தனிப் பயனர் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்தால் போதும். திரும்பப் பெறும்போது வெள்ளை, கறுப்புப் பின்னணிகளில் திரையைப் பார்த்து, ஒவ்வொரு விசையையும் தட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

பேசியபடி நடக்காவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த அது 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட்தான், வழக்கறிஞரும் தேவையில்லை. ஆனால் கையில் ரசீது இருக்க வேண்டும்.

பழுதுச் செலவு அதே வயதுள்ள இன்னொரு பழைய கணினியின் விலையை நெருங்கினால் இன்னொரு வழியும் உண்டு. பயன்படுத்திய வெளித்திரை ஒன்றும் யுஎஸ்பி விசைப்பலகையும் வாங்கி, மடிக்கணினியை மேசைக் கணினியாக்கிவிடலாம். தூக்கிக்கொண்டு அலைய முடியாதுதான். ஆனால் கூடத்து மேசையில் பிள்ளைகளின் பாடத்துக்கு அது இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். மிச்சமான பணத்தில் கிள்ளானுக்குத் திரும்பும் வழியில் குடும்பத்தோடு வாழையிலைச் சாப்பாடும் ஆகும்.