பாட்டு மூடிய வழக்கு

நானும் கண் கலங்கியவன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கின் பழங்கதைப் பாட்டொன்றிலே பூரிஸ் என்ற பெருமகன் வருகிறான். மன்னன் வால்டெமாரின் உடன்பிறந்தாள், சின்னஞ்சிறு கிர்ஸ்டன், அவனைக் காதலித்தாளாம். மன்னன் வெகுண்டான், அவளை ஓயாது ஆடவைத்து, அடித்தே கொன்றானாம், பூரிசின் கண்ணைக் குருடாக்கி, உறுப்பையும் வெட்டினானாம். கல்லும் கரையும் கதை!

கண்ணீர் காய்ந்தபின் கணக்குப் போட்டேன். வால்டெமாரின் தந்தை க்னுத் லாவார்ட் கொலையுண்டது 1131 சனவரி 7-இல். அதற்கு ஒரு வாரம் கழித்துப் பிறந்தவன் வால்டெமார். எனவே, உடன்பிறந்தாள் எவளாயினும் மூத்தவளே. அவன் தனி மன்னனான 1157-இல் அந்தச் 'சின்னஞ்சிறு' பெண்ணுக்கு வயது இருபத்தாறைத் தாண்டிவிட்டது! கிறிஸ்டினா என்ற தமக்கையோ சுமார் 1118-இல் பிறந்தவள். நார்வே மன்னன் மாக்னசை மணந்தவள். அந்த மாக்னசைத்தான் 1135-இல் பகைவன் குருடாக்கிக் காலையும் வெட்டினான். ஒருவனுக்கு நேர்ந்த கொடுமை வேறொருவன் கதையிலே குடியேறிவிட்டதோ என்பது என் ஐயம்.

அப்படியானால் உண்மைப் பூரிஸ் யார்? மன்னன் ஸ்வேன் எஸ்ட்ரிட்சனின் கொள்ளுப்பேரன். க்னுத் லாவார்டைக் கொல்லச் சதி செய்தோரில் இவன் தந்தை ஹென்ரிக்கும் ஒருவன். 1134-இல் போட்டேவிக் போரிலே மாண்டான். கொலையுண்டவன் மகன் அரியணையிலே. கொல்லச் சதி செய்தவன் மகன் அவன் அவையிலே! 1163-இல் பிறந்த தன் குழந்தையைத் துணையரசனாக்க விரும்பினான் வால்டெமார். தொட்டிலை வணங்கப் பெருமக்களை அழைத்தான். பூரிஸ் மறுத்தான். மக்களுரிமைக்காக மறுத்தான் என்று நான் கதை கட்டமாட்டேன். தன் உடலிலும் அதே அரசக் குருதி ஓடுகிறதே என்ற எண்ணமாகவே இருந்திருக்கும். 1167-இல் நார்வேயரோடு கூடிச் சதி செய்தான் என்று சிறைப்பிடிக்கப்பட்டான்.

இதை நமக்குச் சொல்பவர் யார்? சாக்சோ. மன்னனின் உற்ற நண்பரான பேராயர் அப்சலோனை அண்டி எழுதியவர். குற்றம் சாட்டிய தரப்பே வழக்கையும் எழுதிவைத்தது; பூரிஸ் தரப்புக்கு ஏடும் இல்லை, எழுத்தாணியும் இல்லை. பிறகு வந்த பாட்டு, அரியணைச் சண்டையை அடியோடு மறந்து, காதலை மட்டும் பாடிற்று. அரசுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

வெஸ்டர்விக் தேவாலயத்தருகே கிர்ஸ்டனின் கல்லறை என்று ஒன்றைக் காட்டுகிறார்கள். மணப்பெண்கள் தம் பூச்செண்டை அங்கே வைப்பது வழக்கம்.

1170 சூன் 25-இல் ரிங்ஸ்டெட் நகரிலே ஒரு பெருவிழா. கொலையுண்ட பாட்டனைப் புனிதராகப் பீடத்திலே ஏற்றினர். அதே நாளில் ஏழு வயதுப் பேரனுக்கு முடி சூட்டினர். ஆயர்கள் வாழ்த்தினர். முன்பு மறுத்த பூரிஸ் அன்று எங்கே இருந்தான்? சிறைப்பட்ட பிறகு அவன் என்னவானான் என்று உறுதியாகத் தெரியவில்லை.