துப்பாக்கியும் துலாக்கோலும்

மடுல்சீமைத் தோட்டத்து லயத்தின் கூரைத் தகரத்தில் மழை அறையும் இரவுகளில் என் பாட்டி ஒரு கதை சொல்வார். ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்ற வெள்ளைக்காரத் துரை ஒருவன் இருந்தானாம். ஒரு நாள் இடி விழுந்து மாண்டானாம். புதைத்த பின்னரும் கோபம் தணியாத வானம் அவன் கல்லறையையும் பிளந்ததாம். “செஞ்ச பாவம் சும்மா விடாதுடா” என்று கதை முடியும்.

அத்துரை கற்பனைப் பாத்திரம் அல்லர் என்பதைப் பதுளை நகரிலுள்ள புனித மாற்கு ஆலயத்தில் அவரது நினைவுக் கல்லைக் கண்டபோதே அறிந்தேன். அவர் மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ். இலங்கை றைபிள் படைப்பிரிவின் அதிகாரி. பதுளையின் உதவி அரசாங்க அதிபராகவும் மாவட்ட நீதிபதியாகவும் விளங்கியவர். 1845 யூன் 7 ஆம் நாள் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அப்போது அவருக்கு வயது 41. நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் நினைவாக நண்பரும் அபிமானிகளும் அவருக்குக் கீழ்ப் பணியாற்றியோரும் எழுப்பிய அவ்வாலயம் 1857 இல் பேராயர் சப்மனால் திருநிலைப்படுத்தப்பெற்றது.

யானைக் கணக்கும் பொய்யன்று. அவர் கொன்றவை 1,400 க்கு மேல் என 1859 இல் வெளிவந்த தமது நூலில் எமர்சன் ரெனன்ற் குறிப்பிடுகின்றார். ஆயினும் றொஜர்ஸ் தனியொரு பாவியல்லர். பயிரை அழிக்கும் பகையாக யானையைக் கருதிய அரசே அதனைக் கொல்வோர்க்குப் பரிசு வழங்கிய காலம் அது. வட பகுதியில் மட்டும் 1848 க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் 3,500 யானைகள் கொல்லப்பட்டன என்றும் ரெனன்ற் எழுதுகின்றார்.

ஆகவே, என்னைச் சிந்திக்க வைத்தது யானை அன்று. அக்கல்லில் ஒருங்கே பொறிக்கப்பட்டிருந்த பதவிப் பெயர்களேயாம். 1818 இல் ஊவாக் கிளர்ச்சி அடக்கப்பட்ட பின்னர், படை அதிகாரிகளையே நிருவாகிகளாகவும் அமர்த்துவது கண்டிப் பிரதேசங்களில் ஆங்கிலேயரின் வழக்கமாயிற்று. வரியும் வீதியும் அதிபரின் பொறுப்பு. வழக்கு நீதிபதியின் பொறுப்பு. துப்பாக்கி படைவீரனின் உரிமை. பதுளையில் மூன்றும் ஒரு கையில் இருந்தன. அதிபர் இழைத்த தவற்றை ஓர் ஏழை எவரிடம் முறையிடுவான்? நீதிபதியிடமா? அவரும் அவரே அன்றோ!

றொஜர்ஸ் நேர்மையாளராகவே இருந்திருக்கலாம். வெறுக்கப்பட்டவருக்கு எவரும் ஆலயம் எழுப்புவதில்லை. ஆனால் நல்லவர் ஆளவந்தால் அது குடிகளின் அதிர்ஷ்டமே தவிர உரிமை ஆகாது.

தோட்டத்தில் பிறந்த எனக்கு இது பழங்கதையாகத் தோன்றவில்லை. என் பாட்டியின் இளமையில் வேலை, சம்பளம், குடியிருக்கும் காம்பரா ஆகிய அனைத்தும் துரை ஒருவரின் சொல்லில் அடங்கியிருந்தன. 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் எம்மவருட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே என் பாட்டி இந்நாட்டின் பிரசையானார். அதுவரை தம்மை ஆள்பவரைத் தெரிவு செய்ததும் இல்லை. தட்டிக் கேட்டதும் இல்லை.

2018 ஆம் ஆண்டின் உள்ளூராட்சித் தேர்தலுக்கு முன், வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த வேட்பாளரைப் பாட்டி வாசலிலேயே நிறுத்தினார். “ரோட்டப் போட்டுத் தரலன்னா, அடுத்த தடவ இந்தப் பக்கம் வராதீங்க தம்பி” என்றார். வேட்பாளர் தலைகுனிந்து சிரித்தார். அச்சிரிப்பில் சிறிது அச்சமும் இருந்தது. பாதை இன்னும் செப்பனிடப்படவில்லை என்பது உண்மையே. ஆயினும் அவ்வச்சத்தை நான் கண்டேன்.

அன்றுதான் பாட்டியின் கதை எனக்கு முழுமையாக விளங்கிற்று. அதிகாரத்தைக் கேள்வி கேட்க வழியற்றவர்கள் வானத்தை நீதிபதியாக்கினார்கள். வாக்கில்லாதவர்க்கு இடி ஒன்றே தீர்ப்பு. அக்கதையை என் பிள்ளைகளுக்கும் சொல்வேன். ஆனால் இடி விழும்வரை காத்திருங்கள் என்று சொல்லேன்.