காசியில் ஒரு தறி

மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் விடுதி மாணவன் என்ன செய்வான்? முதல் நாள் உறங்குவான். இரண்டாம் நாள் துணி துவைப்பான். மூன்றாம் நாள், விடுமுறை முடிந்ததே என்று வருந்துவான். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. 2024 சனவரி 26, வெள்ளிக்கிழமை. குடியரசு நாளை ஒட்டி வந்த விடுமுறையை என்னோடு கழிக்க, அப்பாவும் அம்மாவும் தங்கையும் காஞ்சிபுரத்திலிருந்து வாரணாசிக்கு வந்துவிட்டனர்.

மகிழ்ச்சிதான், ஆனால் உள்ளூர ஓர் அச்சமும் இருந்தது. என் அப்பா பட்டுத் தறி நெய்பவர். விடுதியில் சேர்ந்த புதிதில் யாரோ கேட்டபோது, "பட்டு வணிகர்" என்று சொல்லிவிட்டேன். ஒரு சொல்தானே என்று அன்று நினைத்தேன்.

முதல் நாள் காலை படகேறிக் கங்கையைச் சுற்றினோம். கரையேறியதும் மண் குவளையில் மலையோ வாங்கிக் கொடுத்தேன். காய்ச்சிய பாலை இரவுப் பனியில் வைத்து, பிறகு கடைந்தெடுக்கும் குங்குமப்பூ நுரை அது. குளிர்காலத்தில் மட்டுமே கிடைக்கும். அம்மா ஒரு வாய் உண்டு விழித்தார். "வாயிலே வைச்சேன், எங்கேடா போச்சு?" நுரை என்பது காற்றைச் சிறைப்பிடித்த பால் என்று நான் வேதியியல் பேசத் தொடங்கினேன். "காத்துக்கா அண்ணா காசு கொடுத்தே?" என்றாள் தங்கை. பாடம் அத்தோடு முடிந்தது.

மறுநாள் சாரநாத். அசோகரின் சிங்கத் தூணின் தலைப்பை அருங்காட்சியகத்தில் கண்டோம். 1950-இல் அதுவே நாட்டின் சின்னமாயிற்று என்றேன், அப்பா தலையசைத்தார். ஆனால், ஏறத்தாழ 43 மீட்டர் உயரமுள்ள தமேக் தூபியின் முன் நின்றவர் நகரவே இல்லை. அதன் கல்லில் கொடியும் கட்டமும் பட்டை பட்டையாகச் செதுக்கப்பட்டுள்ளன. "இது கரை, இது உடல். கல்லிலே சேலை நெஞ்சிருக்கான் பாருடா!" என்றார்.

மூன்றாம் நாள் என் அறை நண்பனும் உடன் வந்தான். மதன்புராவின் சந்துகளில் நடக்கையில் தறியோசை கேட்டது. அப்பாவின் கால்கள் தாமே திரும்பின. உள்ளே முதியவர் ஒருவர் பனாரசுப் பட்டு நெய்துகொண்டிருந்தார். அப்பா நீள நூலைச் சுட்டி, "பாவு" என்றார். "தானா" என்றார் முதியவர். குறுக்கு நூலைச் சுட்டி, "ஊடை" என்றார் அப்பா. "பானா" என்றார் அவர். இருவரும் சிரித்தனர். பிறகு அப்பா என் பக்கம் திரும்பி, "நானும் தறிக்காரன்தான்னு சொல்லுடா" என்றார்.

நண்பன் பக்கத்தில் நின்றான். எனக்கு நா எழவில்லை. இந்தி வரவில்லை போலும் என்று அப்பா பொறுமையாகக் காத்திருந்தார். அந்தப் பொறுமைதான் என்னைச் சுட்டது. "என் அப்பாவும் நெசவாளர்" என்று இந்தியில் சொன்னேன்.

முதியவர் எழுந்து தம் இருக்கையைக் கொடுத்தார். அப்பா அமர்ந்து நாலு ஊடை போட்டார். காசிக்கு வந்த மூன்று நாளில் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் காணவில்லை.

"இதை ஏன் மறைத்தாய்?" என்று வழியில் நண்பன் கேட்டான். விடை இல்லை.

அன்றிரவு அவர்களை வண்டியேற்றிவிட்டு, அம்மா கொடுத்த அதிரசத்தை விடுதியில் பங்கிட்டேன். "உன் அப்பாவுக்கு என்ன தொழில் என்றாய்?" என்று ஒருவன் கேட்டான்.

"நெசவு" என்றேன்.