கர்ப்பிணியின் வலியும் சீன வைத்தியரின் ஊசியும்

ஐந்தாம் நூற்றாண்டில் சீனாவில் நடந்ததாக ஒரு கதை உண்டு. லியூ சோங் வம்சத்தைச் சேர்ந்த இளம் அரசன் ஒருவன், ஷூ வென்போ என்ற வைத்தியரோடு வெளியே கிளம்புகிறான். வழியில் ஒரு கர்ப்பிணி வருகிறாள். அரசனுக்கும் கொஞ்சம் நாடி பார்க்கத் தெரியுமாம். பார்த்துவிட்டு "பெண் குழந்தை" என்கிறான். வைத்தியரோ "உள்ளே இரண்டு இருக்கிறது. ஒன்று ஆண், ஒன்று பெண்" என்கிறார். யார் சொன்னது சரி என்று உடனே தெரிந்தாக வேண்டும் அரசனுக்கு. வயிற்றைக் கிழித்துப் பார்க்கலாம் என்கிறான்! பதறிப்போன வைத்தியர், கத்தி வேண்டாம், ஊசியே போதும் என்று சொல்லி அந்தப் பெண்ணுக்கு ஊசி குத்துகிறார். குழந்தைகள் வெளியே வந்து விழுகின்றன. அவர் சொன்னது போலவே ஒரு ஆண், ஒரு பெண்.

"தெற்கு வம்சங்களின் வரலாறு" என்ற பழைய சீன நூலில் இந்தக் கதை இருக்கிறது. கதையோ நிஜமோ, அதன் நிழல் இன்னும் போகவில்லை. வென்போ ஊசி குத்தியது கையில் ஒரு பாதையிலும் காலில் ஒரு பாதையிலும். பின்னால் வந்த வைத்தியர்கள் அந்த இடங்களை ஹெகு, சான்யின்ஜியாவ் என்று அடையாளம் சொன்னார்கள். ஹெகு என்பது புறங்கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கும் இடம். சான்யின்ஜியாவ், உள் கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே. கர்ப்பிணிக்கு இந்த இடங்களில் குத்தக்கூடாது, குத்தினால் கரு கலையும் என்பது சீன வைத்தியத்தில் வழிவழியாக வரும் பாடம். இடுப்பு வலிக்காக அக்குபங்சர் பக்கம் போகும் கர்ப்பிணிக்கு வருகிற முதல் பயமும் அதுதான்.

ஏன் இந்த வலி?

கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதுகின் கீழ்ப்பகுதியிலோ இடுப்பு எலும்புக்கூட்டிலோ வலி வருகிறது. வயிறு முன்னால் வளர வளர உடம்பின் பாரம் இடம் மாறுகிறது. அதைச் சமாளிக்க முதுகு பின்னால் வளைகிறது. பிரசவத்துக்குத் தயாராவது போல, இடுப்பு மூட்டுகளைப் பிணைத்திருக்கும் நார்களும் ஹார்மோன்களால் தளர்கின்றன.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியாது. படுக்கையில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் புரள்வதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். மாடிப்படி ஏறுவது, ஒற்றைக் காலில் நின்று உடை மாற்றுவது, பஸ்ஸில் நின்றபடி வேலைக்குப் போவது எல்லாமே தண்டனை மாதிரி. ஆனால் கிடைக்கும் பதில் பெரும்பாலும் "எல்லாரும் பெத்துக்கலையா? கொஞ்சம் தாங்கிக்கோ" என்பதுதான்.

மாத்திரை போட்டுக்கொள்ளலாமே என்றால் அங்கேயும் கதவு பாதி மூடியிருக்கிறது. காரணம் இருக்கிறது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைட், கர்ப்பிணிகளின் குமட்டலுக்கும் கொடுக்கப்பட்டது. 1961இல் அதைத் திரும்பப் பெறுவதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் குறையோடு பிறந்துவிட்டன. இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளை 20 வாரங்களுக்குப் பிறகு தவிர்க்கும்படி 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு பனிக்குட நீர் குறையலாம் என்பது காரணம். மிஞ்சியிருப்பது பாராசிட்டமால். 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு அதையும் ஆட்டிசத்தோடு முடிச்சுப் போட்டுப் பேசியது. ஆனால் 2024இல் வெளியான சுவீடன் ஆய்வு ஒன்று 24 லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களை அலசியது. ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. இருந்தாலும் கேட்ட பயம் கேட்டதுதானே! மருந்தில்லாத ஒரு வழி இருக்காதா என்று அவள் தேடுவதில் ஆச்சரியம் என்ன?

சீன வைத்தியம் என்ன சொல்கிறது?

உடம்பில் "சீ" என்ற உயிர்ச் சக்தி பல பாதைகளில் ஓடுகிறது, அது தடைபடும் இடத்தில் வலி பிறக்கிறது என்பது சீன வைத்தியத்தின் அடிப்படை. இடுப்பு சிறுநீரகத்தின் ஆட்சிக்கு உட்பட்ட இடம். கருவைத் தாங்குவதும் அந்தச் சிறுநீரகச் சக்திதான். ஆகவே கர்ப்ப கால இடுப்பு வலியை அந்தச் சக்தி குறைந்ததன் அடையாளமாகப் பார்க்கிறார்கள். இங்கே சிறுநீரகம் என்பது ஸ்கேனில் தெரியும் உறுப்பு மட்டும் அல்ல. அது ஒரு கருத்து.

சிகிச்சை பார்க்க எளிமையாகத்தான் இருக்கும். கர்ப்பிணியை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வயிற்றுக்கும் முழங்கால்களுக்கும் தலையணை கொடுப்பார்கள். முடியைவிடக் கொஞ்சம் தடிமனான ஊசிகளைக் குத்தி அரை மணி நேரம் வரை விடுவார்கள். குத்திய இடத்தில் ஒரு மந்தமான கனம் தெரியும். சிலர் ஊசிக்குப் பதில் விரலால் அழுத்துவார்கள். சிலர் மாசிப்பத்திரி வகைச் செடியின் காய்ந்த இலையைச் சுருட்டிப் பற்றவைத்து, தோலில் படாமல் சூடு காட்டுவார்கள்.

சோதித்துப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். சுவீடனின் கோதன்பர்க் நகரில் இடுப்புக்கூட்டு வலியுள்ள 386 கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும், அதாவது ஆலோசனை, இடுப்புப் பட்டை, வீட்டில் செய்யும் பயிற்சி. இரண்டாவது பிரிவுக்கு அதோடு அக்குபங்சர். மூன்றாவது பிரிவுக்கு அதோடு தசைகளை உறுதிப்படுத்தும் தனிப் பயிற்சிகள். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், கூடுதல் சிகிச்சை பெற்ற இரண்டு பிரிவுக்கும் வலி குறைந்திருந்தது. அக்குபங்சர் பிரிவுக்கு அதிகமாகவே குறைந்திருந்தது.

அப்படியானால் ஊசி ஜெயித்துவிட்டதா? அவசரப்பட வேண்டாம். அதே ஊர் ஆராய்ச்சியாளர்கள் 2008இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டார்கள். 115 கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு நிஜ ஊசி. மீதிப் பேருக்கு நாடகக் கத்தி மாதிரி, தோலைத் துளைக்காமல் கைப்பிடிக்குள் மடங்கிவிடும் போலி ஊசி. தனக்கு எது என்று யாருக்கும் தெரியாது. வலி இரண்டு பிரிவிலும் ஒரே மாதிரிதான் குறைந்தது! ஆனால் அன்றாட வேலைகளைச் செய்வதில் நிஜ ஊசிக்காரர்கள் கொஞ்சம் முன்னே இருந்தார்கள்.

2020இல் வெளியான பிரான்ஸ் ஆய்வில் 199 கர்ப்பிணிகள். வலி பத்துக்கு நான்கு அல்லது அதற்குக் கீழே இருந்த நாட்கள், அக்குபங்சர் பிரிவில் 61 சதவீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 48 சதவீதம். 2022இல் 10 ஆய்வுகளை, மொத்தம் 1040 பெண்களின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்ததிலும் வலி குறைகிறது என்றே வந்தது. குழந்தைக்குக் கெடுதல் ஏற்பட்டதாகத் தெரியவில்லை. தாய்க்கு வந்தவை எல்லாம் ஊசி குத்திய இடத்தில் கன்றிப்போவது, லேசான தலைச்சுற்றல் போன்ற சின்னச் சின்னத் தொந்தரவுகள்.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு இப்படி வருகிறது. ஒன்றும் செய்யாமல் இருப்பதைவிட ஊசி நல்லது. ஆனால் அந்த நன்மையில் எவ்வளவு ஊசியுடையது, எவ்வளவு அந்த அரை மணி நேரத்துடையது என்று பிரிக்க முடியவில்லை. வாரம் இரண்டு முறை ஒருவர் அவளைப் படுக்க வைத்து, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டு, பதிலை முழுதாகக் கேட்கிறார். வீட்டில் அது கிடைத்ததா?

தடை செய்யப்பட்ட புள்ளிகள் என்ன ஆயின? கோதன்பர்க்கில் ஹெகு புள்ளியிலும் ஊசி குத்தியிருந்தார்கள். அதனால் கரு கலைந்ததாகவோ பிரசவம் முன்கூட்டியே வந்ததாகவோ சான்று கிடைக்கவில்லை. ஆனாலும் கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை அளித்துப் பழகியவரிடம் மட்டுமே போவது நல்லது. அடிவயிற்றில் ஊசி குத்த யாரையும் விடக்கூடாது.

மூலிகை வேறு கதை

சீன வைத்தியம் என்றால் ஊசி மட்டுமல்ல. கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த ஜாங் ஜோங்ஜிங், கர்ப்பிணியின் வயிற்று வலிக்கு என்றே ஆறு மூலிகைகள் சேர்ந்த ஒரு பொடியை எழுதி வைத்தார். டாங்குய், ஷாவ்யாவ் என்ற இரண்டு மூலிகைகளின் பெயரால் அதை அழைக்கிறார்கள். ஜப்பானில் இன்றும் அந்த மருந்து புழக்கத்தில் இருக்கிறது.

பழமை என்பதே பாதுகாப்பு ஆகிவிடுமா? பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில், உடம்பு இளைப்பதற்காகச் சீன மூலிகை சேர்ந்த மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதானது. ஒரு மூலிகைக்குப் பதிலாக, பெயரில் அதை ஒத்த வேறொரு மூலிகை கலந்துவிட்டதுதான் காரணம். அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் என்ற விஷம் இருந்தது. ஊசி குத்திய இடத்தோடு நின்றுவிடும். மூலிகை இரத்தத்தில் கலந்து குழந்தை வரைக்கும் போகும். தாலிடோமைட் சொல்லிக்கொடுத்த பாடம் மாத்திரைக்கு மட்டுமா? பச்சிலைக்கும் அதே பாடம்தான். பிரசவம் பார்க்கும் டாக்டருக்குத் தெரியாமல் எந்தப் பொடியும் உள்ளே போகக்கூடாது.

இன்னொன்றும் முக்கியம். எல்லா வலியும் இடுப்பு வலி அல்ல. விட்டு விட்டு இறுக்கிப் பிடிக்கும் வயிற்று வலி, இரத்தப்போக்கு, நீர் கசிவது, தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்த மேல்வயிற்று வலி, காய்ச்சலோடு நீர்க்கடுப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம்.. இவற்றில் எது வந்தாலும் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. அங்கே ஊசி வைத்தியரிடம் போய் நேரத்தைக் கழிப்பது ஆபத்து.

மறுபடியும் அந்தப் பழைய கதைக்கு வருவோம். அரசன் எந்த வம்சம் என்று எழுதியிருக்கிறது. வைத்தியரின் பெயர் இருக்கிறது. எந்தப் பாதையில் ஊசி குத்தினார் என்பது வரை குறிப்பு இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. அவளுக்கு வலித்ததா என்று யாரும் கேட்டதாகவும் இல்லை.

இன்று ஏழாம் மாத வயிற்றோடு, இரவு இரண்டு மணிக்குப் புரண்டு படுக்க முடியாமல் விழித்திருப்பவளுக்கு ஊசியோ, பட்டையோ, பயிற்சியோ ஏதோ ஒன்று உதவலாம். அது எதுவானாலும், "எங்கே வலிக்கிறது?" என்று வீட்டில் ஒருவர் கேட்ட பிறகு தொடங்கட்டும்.