அசையாத பலகை

ஹாஷியா என்றால் என்னவென்பதை, அரபுக் கிதாபுகளோடு பழக்கமில்லாத வாசகர்க்கு முதலில் சொல்லிவிட வேண்டும். மூலநூல் பக்கத்தின் நடுவே நிற்கும். அதைச் சூழ்ந்து ஓரங்களில் விளக்கமும் குறிப்பும் நெருங்கி ஓடும். அந்த ஓரமே ஹாஷியா. ஓதிக்கொடுப்பவனுக்கு ஓரமிழந்த கிதாபு பாதிக் கிதாபுதான். அத்தகைய ஓரமொன்றை நாம் நமது கையாலேயே வெட்டி எறிந்தோம்.

கிதாபு, மலபாரின் ஜைனுத்தீன் மக்தூம் அவர்கள் இயற்றிய பத்ஹுல் முயீன் என்னும் ஷாபியீ சட்டநூல். மர்ஹூம் நம் உஸ்தாது அவர்கள் வைத்து ஓதிக்கொடுத்த பிரதி. அச்சடித்த குறிப்புகளுக்கும் அப்பால் எஞ்சிய வெள்ளையில், அவர்கள் அரபுத் தமிழில், அதாவது அரபு எழுத்தில் தமிழாக, பொடிப்பொடியாக எழுதி வைத்திருந்தார்கள். ஜகாத் பகுதியில் ஒரு குறிப்பு நமக்கு மிகவும் வேண்டியது. விளைச்சலுக்கு ஜகாத் கடமையாகும் அளவு ஐந்து வஸக், அதாவது 300 ஸாவு என்பது நூல். மழையாலோ ஆற்றுப் பாய்ச்சலாலோ விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்துப் பாய்ச்சினால் இருபதில் ஒன்று என்பதும் நூல். ஆனால் அந்த 300 ஸாவு நம் காவிரிக்கரை மரக்காலில் எத்தனை கலம்? உஸ்தாது அவர்கள் நெல்லைத் தாமே அளந்து பார்த்து ஓரத்தில் எழுதிய கணக்கு அது. கலத்திற்குப் பன்னிரண்டு மரக்கால் என்று தொடங்கும் வரியின் முற்பாதி இன்றும் இருக்கிறது. முடிவெண் இல்லை.

நடந்தது இதுதான். முதுகு விட்டுப்போன அந்தக் கிதாபை நாமே பிரித்துத் தைத்துக் கட்டினோம். ஓரத்தின் பிசிறைச் சீவ, ஏடுகளை மர இடுக்கியில் இறுக்கி, கத்தியைத் தள்ளினோம். கீழே இருந்தது தகப்பனார் காலத்து எழுதுமேசை. மெல்லிய கடைசல் கால்கள், பார்க்க அழகு. கத்தியைத் தள்ளத் தள்ள மேசையும் உடன் சென்றது. ஒரு நூல் அளவு சீவ எண்ணிய ஓரம், மறுமுனையில் ஒரு விரற்கடை உள்வாங்கிவிட்டது. சீவல்களைக் கூட்டி அள்ளியவர்கள் வெந்நீர் அடுப்பில் போட்டுவிட்டார்கள். நாம் தவற்றை உணர்ந்தது மறுநாள் காலையில்.

வாசல் நிலை சரிபார்க்க வந்த ஆசாரியாரிடம் மேசையைக் காட்டினோம். அவர் ஒன்றும் பேசாமல் அதன் மூலையில் ஒற்றை விரலை வைத்துத் தள்ளினார். மேசை ஊஞ்சலைப்போல் அசைந்தது.

“அஜரத்து, இது எழுதுற மேசைங்க. மேலேருந்து எம்மாம் பாரம் வச்சாலும் தாங்கும். பக்கத்துலேருந்து தள்ளுனா தாங்காது. நீங்க செய்யுற வேலை தள்ளுற வேலையாச்சே!”

ஐம்பது கடந்த வயதில் அன்றுதான் இந்தப் பாடம் நமக்குக் கிடைத்தது. பாரம் வேறு, தள்ளல் வேறு. கனமான பெட்டியைத் தாங்கும் பலகை, இழைப்புளியின் தள்ளலுக்கும் கத்தியின் இழுப்புக்கும் நில்லாது. பக்கவாட்டு விசை, கால் பலகையோடு சேரும் மூலையைத்தான் நெகிழ்த்துகிறது. ஒருமுறை நெகிழ்ந்த மூலை ஆணி அடிக்க அடிக்க மேலும் நெகிழும்.

நம் நாட்டுத் தொழிலாளிகளுக்கு இந்தத் தொல்லை இருந்ததில்லை. தஞ்சையில் பலாக்கட்டையைக் குடைந்து வீணை செய்பவரும், சுவாமிமலையில் படிமத்தைச் சீவுபவரும் தரையில் அமர்ந்தே வேலை செய்வது மரபு. பாதமே இடுக்கி; பூமியே பட்டடை. பூமியைவிட அசையாத மேசையை எந்தத் தச்சரும் செய்துவிட முடியாது. ஆனால் நமது முழங்கால்கள் தொழுகைக்கே நாற்காலி கேட்கும் நிலைக்கு வந்துவிட்டன. ஆகவே பூமியை இடுப்பளவுக்கு உயர்த்திக்கொள்ள வேண்டியதாயிற்று.

அயல்நாட்டில் வாழும் மருமகன் ஒருவரிடம் தொலைபேசியில் இதைச் சொன்னபோது வியப்பான செய்தியொன்று கூறினார். அமெரிக்காவில் வேட்டையாடுவோர் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிவதில்லையாம். புது மருந்தும் குண்டும் இட்டு வீட்டிலேயே மீண்டும் நிரப்பிக்கொள்கிறார்களாம். அதற்கான நெம்புகோல் பொறியை மேசை விளிம்பில் திருகி முடுக்குவர். கோலை அழுத்துந்தோறும் மேசை முன்பக்கமாகக் கவிழப் பார்க்கும். மேசை அசைந்தால் மருந்து நிறுக்கும் தராசும் அசையும். மருந்து சிறிது மிகுந்தாலும் துப்பாக்கி சுடுபவர் முகத்தருகிலேயே வெடிக்க இடமுண்டு. ஆதலால் அவர்கள் தடித்த கால்கள் நாட்டி, மேசையைச் சுவரோடு சேர்த்து முடுக்கிவிடுகிறார்களாம். நமக்குத் துப்பாக்கியோடு யாதொரு தொடர்பும் இல்லை. எனினும் சுவரோடு முடுக்கும் அந்த உபாயத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது மரம். மரத்தைப் பற்றி ஓர் ஆலிம் இவ்வளவு விசாரிக்கலாமா என்று வீட்டில் கேலி எழுந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மிம்பர் எந்த மரத்தாலானது என்று மக்கள் தம்முள் வாதிட்டு, ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களிடம் போய்க் கேட்ட வரலாறு ஸஹீஹுல் புகாரீயிலேயே இருக்கிறது. ஙாபா என்னுமிடத்து அஸ்ல் மரம் என்றும், அன்ஸாரிப் பெண்மணி ஒருவரின் பணியாளான தச்சர் செய்தது என்றும் அவர்கள் விடை கூறினார்கள். இதைச் சொன்னதும் கேலி அடங்கியது.

மரம் நம் கொல்லையிலேயே இருந்தது. 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கரையேறிய கஜா புயல் இந்த வட்டாரத்தில் தென்னையையும் மாவையும் பலாவையும் சாய்த்ததை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். நமது வேம்பும் அன்று வேரோடு சாய்ந்தது. விறகுக்குக் கொடுக்க மனம் வராமல், அடிமரத்தைக் குளத்தில் சில மாதம் ஊறப்போட்டு, மில்லில் அறுத்து, இடையிடையே குச்சி வைத்துக் கொட்டகையில் அடுக்கியிருந்தோம். கனத்தில் ஓர் அங்குலத்திற்கு ஓராண்டு காய வேண்டும் என்பது பழங்கணக்கு. நமது சோம்பலால் அந்தக் கணக்குக்கு மேலேயே காய்ந்திருந்தது. வேம்பின் கசப்பைப் பூச்சி எளிதில் அண்டாது. மாம்பலகை மலிவு என்று சிலர் சொன்னார்கள். அதை வண்டு அரித்துவிடும் என்று ஆசாரியார் மறுத்துவிட்டார்.

நாலங்குலச் சதுரத்தில் கால்கள். மேற்பலகை இரண்டரை அங்குலம். கால்களைச் சுற்றித் தாழ்வாகக் குறுக்குச் சட்டங்கள். ஆணியே இல்லை, துளையில் கழுந்து பாய்ச்சி ஆப்பு இறுக்கியது. ஐப்பசி மழையில் ஊதிச் சித்திரை வெயிலில் சுருங்கும் ஊர் இது. ஆகவே மேற்பலகைகள் ஒருபுறம் மட்டும் பிணைக்கப்பட்டு மறுபுறம் அசைய இடம் விடப்பட்டது. உயரத்திற்கு ஆசாரியார் அளவுகோல் எடுக்கவில்லை. நம்மை நிமிர்ந்து நிற்கச் சொல்லி, தொங்கவிட்ட கையின் மணிக்கட்டில் கோடு கிழித்தார். அழுத்தும் வேலைக்கு அதுவே சரியாம். எழுத அமர்ந்தால் தாழ்வாகத்தான் இருக்கும். எழுதத்தான் பழைய மேசை இருக்கிறதே.

கிதாபின் முதுகைச் சுத்தியலால் தட்டி வளைக்குமிடத்தில், காலுக்கு நேர் மேலாக, புளியங்கட்டை ஒன்று. கறிக்கடைகளில் வெட்டும் கட்டை அந்த மரந்தான். வள்ளுவர் கூடாநட்பைப் பட்டடைக்கு ஒப்பிட்டது நமக்கு அப்போது நினைவு வந்தது. பகைமையை உள்ளே வைத்துத் தாங்குவதுபோல் நிற்பவரின் நட்பு, வெட்டுவதற்கு வாய்த்த பட்டடை என்பது அவர் கருத்து. அடியைத் தான் ஏற்று அசையாமல் நிற்கும் பட்டடைக்கு அந்த ஒப்புமை சற்று அநீதி என்றே நமக்குப் படுகிறது. நமது பழைய எழுதுமேசையைக் கண்டிருந்தால் வள்ளுவர் உவமையை மாற்றியிருக்கக் கூடும்.

கருங்கல்லே விளையாத வண்டல் நாடு இது. பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. ஆயினும் மின்சார யந்திரங்கள் வந்தபின் ஊரில் வீட்டுக்கு வீடு ஆட்டுக்கல்லும் அம்மியும் கேட்பாரற்றுக் கொல்லையில் கிடக்கின்றன. இரண்டு அம்மிகளும் ஓர் ஆட்டுக்கல்லும் இப்போது நமது பலகையின் கீழ்த்தட்டில் அமர்ந்திருக்கின்றன. கரையான் ஏறாதிருக்க நான்கு கால்களின் கீழும் கல் துண்டுகள்.

வேலை முடிந்த அன்று ஆசாரியார் மூலையில் விரல் வைத்துத் தள்ளினார். பிறகு தோளால் தள்ளினார். பிறகு, கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு, “இனிமே தப்பு நடந்தா மேசை மேல பழி போட முடியாதுங்க” என்று சிரித்தார்.

அந்தப் பலகையில் நாம் செய்த முதல் வேலை, பத்ஹுல் முயீனின் வெட்டுண்ட ஓரத்துக்கு மெல்லிய தாள் ஒட்டியது. பசையில் மயில்துத்தம் கலப்பது நம் ஊர்ப் பழக்கம். செம்புச் சத்து நாளடைவில் தாளையே தின்றுவிடும் என்று கேள்விப்பட்டதால் இம்முறை அதை விட்டுவிட்டோம். பத்துப் பதினைந்து ஏடுகள் ஒட்டி, பாரம் வைத்து, இரவெல்லாம் உலர விட்டோம். காலையில் நேராக இருந்தன.

ஸாவுக்குக் கிலோவில் கணக்குச் சொல்வோர் இன்று பலர். ஒருவர் சொல்வது மற்றவரோடு ஒத்துப்போவதில்லை. உஸ்தாது அவர்களின் எண்ணை நம்மோடு ஓதிய கூத்தாநல்லூர் நண்பர் ஒருவரும் தமது பிரதியில் எழுதிக்கொண்டதாக நினைவு. கேட்டிருக்கிறோம். பரண்மேல் இருக்கும் பெட்டிகளை அறுவடை முடிந்தபின் இறக்கிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதுவரை அந்தப் பக்கத்தின் புதிய ஓரத்தை வெள்ளையாகவே விட்டு வைத்திருக்கிறோம்.