சித்திரக்கதைகளில் பெண்வீரர்

நுழையும்முன்

சித்திரக்கதை பொழுதுபோக்குக்காக எழுந்த கலை. எனினும், ஒரு சமூகம் பெண்ணின் வலிமையை எந்த அளவுக்கு ஏற்றது, எந்த இடத்தில் தயங்கியது என்பதை அதன் கட்டங்களுக்குள் காணலாம். அமெரிக்கச் சித்திரக்கதைகளில் பெண்வீரர் சித்திரிக்கப்பட்ட முறையை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

நாயகியின் தோற்றம்

1938இல் சூப்பர்மேன், 1939இல் பேட்மேன் என ஆடவர் வீரமே அமெரிக்கச் சித்திரக்கதை உலகில் கோலோச்சிய காலம் அது. 1941ஆம் ஆண்டின் இறுதியில் ‘வொண்டர் உமன்’ தோன்றினாள். அவளைப் படைத்தவர் வில்லியம் மௌல்டன் மார்ஸ்டன் என்னும் உளவியலாளர். படம் வரைந்தவர் எச்.ஜி.பீட்டர். பெண்கள் மட்டுமே வாழும் தீவின் இளவரசியான டயானா, பாய்ந்துவரும் துப்பாக்கிக் குண்டுகளைத் தன் கைக்காப்புகளால் தடுத்தாள். காக்கப்படுபவளாக இருந்த பெண் காப்பவளாக மாறினாள்.

ஆனால், இம்மாற்றம் முழுமையானதாக இல்லை. வீரர்களின் சங்கமாகிய ஜஸ்டிஸ் சொசைட்டியில் அவளுக்குக் கிடைத்தது செயலாளர் பணியே. ஆடவர் களம் புகுந்த பல கதைகளில் அவள் நிலையத்திலேயே தங்கிவிட்டாள். கதைக்கு வெளியிலும் இந்நிலையே நிலவியது. 1944 முதல் மார்ஸ்டனின் உதவியாளராக இருந்து, வொண்டர் உமன் கதைகள் பலவற்றை எழுதியவர் ஜாய் ஹம்மல் என்னும் இளம்பெண். அவர் எழுதிய கதைகள் ‘சார்லஸ் மௌல்டன்’ என்னும் புனைபெயரிலேயே வெளிவந்தன. 2018இல் பில் ஃபிங்கர் விருது அவருக்கு வழங்கப்பட்டபோது ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு கடந்துபோயிருந்தது.

இழந்த ஆற்றல்

1961இல் வெளிவந்த ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ கதையில் நால்வர் அரிய ஆற்றல் பெறுகின்றனர். ஆடவர் மூவரில் ஒருவர் உடலை நீட்டுகிறார். ஒருவர் தீயாக எரிகிறார். ஒருவர் பாறையென உறுதி பெறுகிறார். பெண்ணுக்கு வாய்த்ததோ பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் மறையும் ஆற்றல். பிற்காலத்தில் அவளுக்கு வேறு ஆற்றல்களும் சேர்க்கப்பட்டன. எனினும், ‘இன்விசிபிள் கேர்ள்’ என்னும் பெயரில் இருந்த ‘சிறுமி’, ‘பெண்’ என மாற 1985ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1968இல் வொண்டர் உமனின் ஆற்றல்கள் அனைத்தும் கதையிலேயே பறிக்கப்பட்டன. அவள் ஆடையகம் நடத்தும் சாதாரணப் பெண்ணானாள். பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் குளோரியா ஸ்டைனம் இதனை எதிர்த்தார். 1972இல் அவர் தொடங்கிய ‘மிஸ்’ இதழின் அட்டையில், நகரத்தெருவில் பேருருவாக நடந்துவரும் பழைய வொண்டர் உமன் இடம்பெற்றாள். அடுத்த ஆண்டே கதையில் அவளுடைய ஆற்றல் மீண்டது.

கோடுகள் கூறும் செய்தி

ஆற்றல் மீண்டபின்பும், அவளை வரையும் முறை குறித்த கேள்வி எஞ்சியது. ‘ஆடவர் உடலும் மிகைப்படுத்தியே வரையப்படுகிறதே?’ என்று சிலர் வினவுவர். உண்மைதான். ஆடவரின் திரண்ட தோள்கள் அவர்தம் வலிமையைக் காட்டுகின்றன. பெண்களின் முறுக்கிய இடையும் குறுகிய ஆடையும் காண்போரின் கண்ணுக்கு விருந்தாகவே அமைகின்றன. 2012இல் ஓவியர்கள் பலர் பெண்வீரர்க்கு வரையப்பட்ட அதே நிலைகளில் ‘ஹாக்ஐ’ என்னும் ஆண்வீரனை வரைந்து காட்டினர். படங்கள் நகைப்பை எழுப்பின. பெண்ணுக்கு இயல்பெனப் பழகிப்போன ஒன்று எத்துணைச் செயற்கையானது என்பது அந்நகைப்பில் விளங்கிற்று.

கதையமைப்பிலும் இத்தகைய குறை உண்டு. நாயகனின் சினத்தைத் தூண்டுவதற்காகவே பெண்கள் கொல்லப்படுவதையும் ஊனப்படுத்தப்படுவதையும் 1999இல் கெயில் சிமோன் பட்டியலிட்டார். நூலகராகவும் ‘பேட்கேர்ள்’ என்னும் வீராங்கனையாகவும் விளங்கிய பார்பரா கார்டன், 1988இல் வெளிவந்த கதையொன்றில் சுடப்பட்டு நடக்க இயலாதவளானாள். அவள் துன்பம் அங்குத் தந்தையின் மனத்தைக் குலைக்கும் கருவியாக மட்டுமே பயன்பட்டது. கிம் யேல், ஜான் ஆஸ்ட்ராண்டர் இணையர் அவளை அந்நிலையில் விட்டுவிடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, கணினித் திறத்தால் பிற வீரர்க்கு வழிகாட்டும் ‘ஆரக்கிள்’ ஆக 1989இல் அவளை மீட்டெழுப்பினர். பட்டியலிட்ட சிமோனும் பின்னாளில் வொண்டர் உமன் கதைகளை எழுதினார்.

தன்னுருவே வலிமை

2014இல் ‘மிஸ் மார்வெல்’ இதழின் நாயகியானாள் கமலா கான். நியூஜெர்சியில் வாழும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பள்ளி மாணவி அவள். எழுதியவர் ஜி.வில்லோ வில்சன், பதிப்பாசிரியர் சனா அமானத். இருவரும் பெண்கள். நினைத்த உருவெடுக்கும் ஆற்றல் கிடைத்தவுடன், கமலா முதலில் பொன்னிறக் கூந்தலும் குறுகிய உடையும் கொண்ட பழைய நாயகியாகவே மாறுகிறாள். அவ்வுடை அவளுக்கு வசதியாக இல்லை. அவ்வுருவும் அவளுடையதாக இல்லை. பின்னர்த் தன் நீச்சலுடையையே வீர உடையாக்கித் தன் சொந்த முகத்துடன் களம் காண்கிறாள்.

ஆயினும் சிக்கல் முற்றும் தீர்ந்துவிடவில்லை. 2016 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவை வொண்டர் உமனைப் பெண்கள், சிறுமியர் முன்னேற்றத்திற்கான மதிப்புறு தூதராக அறிவித்தது. அவளது தோற்றம் பொருத்தமற்றது என எதிர்ப்பு எழுந்தது. இரண்டு மாதத்திற்குள் அப்பொறுப்பு முடிவுக்கு வந்தது. அவள் உலகைக் காத்த கதைகள் பல இருந்தும், அவள் வரையப்பட்ட விதமே முன்னின்றது.

ஒரு பாத்திரத்திற்குப் பறக்கும் ஆற்றலைக் கொடுப்பது எளிது. அவள் தனக்கென எண்ணுகிறாளா, தானே முடிவெடுக்கிறாளா, அவள் துன்பம் அவளுடைய கதையாக மதிக்கப்படுகிறதா என்பவையே அவள் வீரத்தை அளக்கும் கோல்கள். சித்திரக்கதையை விரும்பிப் படிக்கும் இளையோர் இவ்வினாக்களோடு அதன் பக்கங்களைப் புரட்டினால், படிக்கும் இன்பம் குறையாது. பார்க்கும் பார்வை கூர்மை பெறும்.