மூக்குத்துண்டும் ஒரு முக்கோணக் கணக்கும்

பஸ்ஸில் போகும்போது பார்த்தால் டெல்டா வயல் எல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். இறங்கி வரப்பில் நடந்து பாருங்கள், அப்போதுதான் சங்கதி புரியும். ஆறு வளைந்து போகுது. ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் அதுக்கு மேல வளையுது. வாய்க்கால் வளைந்தால் வரப்பும் வளைந்துதான் ஆகணும். மிச்சம் விழுகிற இடமெல்லாம் கோணல் துண்டு. அப்படி மூன்று மூலையோடு முடிகிற வயலை நாங்க மூக்குத்துண்டு என்போம்.

இந்தப் பதிவு அப்படி ஒரு மூக்குத்துண்டின் கணக்கு.

முதலில் எங்க அளவைச் சொல்லிடறேன். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. ஒரு மா என்பது ஏறக்குறைய 33 சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று போட்டிருந்தாலும் நடவுக்கூலி, குத்தகை எல்லாம் இன்றைக்கும் மாக்கணக்கில்தான் பேச்சு.

என் வயலுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா குத்தகைக்குப் பயிர் வைக்கிறாங்க. புருஷன் இறந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. அன்றையிலிருந்து தனியாகத்தான் பார்க்கிறாங்க. நிலத்துக்காரர் வெளியூர்க்காரர், நல்ல மனுஷர். போகத்துக்கு மாவுக்கு மூன்று மூட்டை என்று பேச்சு. அந்த மூக்குத்துண்டு 112 குழி என்று அவர் அப்பா காலத்து நோட்டில் எழுதியிருக்கு. அதன்படி அளந்து கொடுத்துக்கிட்டு வந்தாங்க.

ஒருநாள் களத்தில் உட்கார்ந்திருந்தபோது அக்கா கேட்டாங்க: "ஏந் தம்பி, ஒரு மாவுக்கு ஆகிற நாத்து அந்தத் துண்டுக்கு எப்பவும் மீறுது. 112 குழின்னா பத்தாமல்ல போகணும்?"

நாற்று பொய் சொல்லாது. அந்தத் துண்டுக்குத் தனி சர்வே எண் கிடையாது, பெரிய எண்ணுக்குள் அடங்கியது. அதனால் புலப்படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. நிலத்துக்காரரிடம் கேட்டு அந்த நோட்டுப் பக்கத்தைப் போனில் அனுப்பச் சொன்னேன். பெரியவர் கை எழுத்து அழகாக இருந்தது. கிழக்கு வரப்பு 240 அடி, தெற்கு வரப்பு 180 அடி, வாய்க்கால் கரை 154 அடி. 240-ஐயும் 180-ஐயும் கூட்டிப் பாதி, 210. வாய்க்கால் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இல்லை, அதனால் 154-இல் பாதி, 77. இரண்டையும் பெருக்கி 16,170 சதுர அடி. 144-ஆல் வகுத்தால் 112 குழி.

எதிரெதிர்ப் பக்கத்தைக் கூட்டிப் பாதியாக்கிப் பெருக்குவது எங்க பக்கத்தில் ரொம்ப நாளாக நடக்கிற கணக்கு. நான்கு மூலையும் மட்டமாக இருந்தால் அது சரி. மூலை சாய்ந்தால் தப்பு. எப்படித் தப்பு என்றால், எப்போதும் கூடத்தான் காட்டும், ஒருநாளும் குறைத்துக் காட்டாது. ஏமாற்ற நினைக்காதவர் போட்டாலும் இந்தக் கணக்கில் குத்தகை வாங்குகிறவர் பக்கம்தான் நெல் சாயும்.

கொல்லைக்கு மூங்கில் படல் கட்டுகிறோம் இல்லையா? நான்கு மூங்கிலை மட்டும் கட்டினால் படல் ஆடும், ஒரு பக்கமாகச் சாயும். மூலைக்கு மூலை குறுக்கே ஒரு மூங்கிலைக் கட்டினால் நின்றுவிடும். ஏன்னா இப்போ அது இரண்டு முக்கோணம். முக்கோணத்துக்கு மூன்று பக்கமும் முடிவாகிவிட்டால் அது வேறு உருவத்துக்கு மாற முடியாது. நான்கு பக்கம் அப்படி இல்லை. நான்கு பக்கமும் 100 அடி உள்ள வயல் மட்டமாக இருந்தால் 10,000 சதுர அடி. அதே நான்கு பக்கம் சாய்ந்து, குறுக்களவும் ஒருபக்கம் 100 அடி ஆகிவிட்டால் 8,660 சதுர அடிதான். வரப்பின் நீளம் ஒரு அடிகூடக் குறையவில்லை, ஒன்பது குழி போயிடுச்சு. சர்வேயர்கள் எந்த வயலையும் முக்கோணமாகப் பிரித்து வரைவது இதனால்தான்.

வைகாசிக் கடைசியில், மேட்டூர் திறக்கிறதுக்கு முன்னாடி, தரை காய்ந்து கிடந்த நேரத்தில் டேப்பை எடுத்துக்கிட்டுப் போனோம். கிழக்கு வரப்பும் தெற்கு வரப்பும் நோட்டில் இருந்தபடியே இருந்தன. வாய்க்கால் கரைதான் பிரச்சினை. முழுக்க நெய்வேலிக் காட்டாமணக்கு. உள்ளே என்ன கிடக்கும் என்று சொல்ல முடியாது. டேப் பிடிக்க வழியில்லை.

நான் படித்தது பள்ளிக்கூடத்தோடு சரி. எங்க காலத்தில் திரிகோணமிதி என்பார்கள். பரீட்சைக்கு அப்புறம் மாடு மேய்க்கிறவனுக்கு சைன் எதுக்கு என்று எல்லாரும் சிரித்த பாடம். ஆனால் இரண்டு பக்கமும் நடுவிலுள்ள கோணமும் தெரிந்தால் முக்கோணம் முழுக்கத் தெரிந்த மாதிரி என்பது மட்டும் மறக்கலை.

கோணத்துக்குக் கருவி வேண்டாம். இரண்டு வரப்பும் சேருகிற மூலையில் ஒரு முளை அடித்தேன். அங்கிருந்து ஒவ்வொரு வரப்பிலும் 50 அடி அளந்து ஒவ்வொரு முளை. அந்த இரண்டு முளைக்கும் நடுவில் கயிறு பிடித்து அளந்தால் 34 அடி 2 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட. அதில் பாதி 17.1. அதை 50-ஆல் வகுத்தால் 0.342. அது 20 பாகைக்கு உரிய சைன். பாதிக் கோணம் 20 என்றால் முழுக் கோணம் 40.

சைன் என்கிற சொல்லே இந்தக் கயிற்றிலிருந்து வந்ததுதான். ஆரியபட்டர் 1,500 வருஷத்துக்கு முன்னே பாதி நாணின் அளவை வைத்து அட்டவணை போட்டார். நாணுக்கு வடமொழியில் ஜ்யா. அது அரபிக்குப் போய், அங்கிருந்து லத்தீனுக்குப் போய், உருமாறி சைனாகத் திரும்பி வந்தது. எங்க பாடப்புத்தகத்தில் இதைப் போட்டிருந்தால் இன்னும் நாலு பேர் பாஸ் ஆகியிருப்பார்கள்.

இனி மிச்சக் கணக்கு. 240 அடி வரப்பை அடிப்பக்கமாக வைத்தால், உயரம் என்பது 180 பெருக்கல் 40 பாகையின் சைன். 180 × 0.6428 = 115.7 அடி. பரப்பு, 240 × 115.7-இல் பாதி. 13,884 சதுர அடி. 96 குழிக்குச் சற்று மேல். ஒரு மாவே இல்லை. அக்காவோட நாற்றுக் கணக்குதான் சரி.

தொட முடியாத இடத்தைக் கோணத்தால் அளக்கிற இந்த வேலை நம்ம தஞ்சாவூருக்குப் புதுசு இல்லை. வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி சென்னை பரங்கிமலை அருகே 100 அடி இரும்புச் சங்கிலியால் ஒரு கோடு அளக்க ஆரம்பித்தார். சுமார் ஏழரை மைல் நீளம், முடிக்க 57 நாள். அந்த ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, கோணத்தை மட்டும் பார்த்துப் பார்த்து, முக்கோணத்துக்குப் பக்கத்தில் முக்கோணமாக நாட்டையே அளந்துகொண்டு போனார். அந்த வேலை நீண்டு வடக்கே போய்த்தான் 1856-இல் எவரெஸ்ட் 29,002 அடி என்று அறிவித்தார்கள். மலையில் ஏறாமலே அளந்த உயரம்.

மற்ற ஊரில் அவருக்கு மலை இருந்தது, உச்சியில் ஏறிப் பார்த்தார். நம்ம ஊரில் மலைக்கு எங்கே போவது? கண்ணுக்கு எட்டின வரை வயல், தென்னை, பனை. அதனால் கோயில் கோபுரங்களில் ஏறினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் அவருடைய தியோடலைட்டைக் கயிறு கட்டி மேலே தூக்கினார்கள். அரை டன் எடை உள்ள கருவி. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய், பிறகு அவர்களே மரியாதையாக மதராசுக்கு அனுப்பி வைத்த கருவி அது. அத்தனையும் தப்பி வந்தது, இங்கே கயிறு அறுந்து சுவரில் மோதியது. கோணம் காட்டும் வட்டமே நசுங்கிப்போச்சு. வேறு ஆளாக இருந்தால் மூட்டை கட்டியிருப்பார். லாம்டன் அதைத் துண்டு துண்டாகக் கழற்றி, ஆறு வாரம் உட்கார்ந்து, பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி வேலையைத் தொடர்ந்தார். பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் காலத்து நிலங்களை வேலியின் சின்னஞ்சிறு பின்னம் வரை கணக்கிட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தச் சுவர் நிற்கிற கோயிலில்தான் இது நடந்தது.

வளைந்த வட்டத்தோடு அளந்தால் என்ன ஆகும்? முக்கோணமே காட்டிக் கொடுக்கும். மூன்று மூலையையும் தனித்தனியாக அளந்து கூட்டினால் 180 வரணும். பெரிய முக்கோணமாக இருந்தால் பூமி உருண்டை என்பதால் ஒரு துளி கூடும், அதற்கும் கணக்கு உண்டு. அதற்கு மேல் பிசகினால் எங்கேயோ தப்பு.

நாங்களும் சரிபார்க்காமல் விடலை. கணக்குப்படி வாய்க்கால் பக்கம் 154 அடிக்குக் கொஞ்சம் கூட வரணும், பழைய நோட்டிலும் 154தான். இரண்டு பையன்கள் அரிவாளோடு காட்டாமணக்குக்குள் இறங்கி, கயிறு போகிற அளவுக்கு வழி வெட்டினார்கள். 155 அடி வந்தது. கயிறு நடுவில் கொஞ்சம் தொய்ந்திருக்கும். பெரியவர் அளந்ததில் குறையே இல்லை, பெருக்கினதில்தான் குறை.

நிலத்துக்காரருக்குப் போன் போட்டு, படம் வரைந்து அனுப்பினேன்.

"எங்கப்பா கணக்குத் தப்புங்கிறீங்களா?" என்றார்.

"அளவு தப்பில்லை சார். அவர் எழுதின மூணு அளவையே வச்சுப் போட்டாலும் 96 குழிதான் வருது. காலேஜ் படிக்கிற உங்க பையன்கிட்டக் கொடுத்துப் பாருங்க."

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். இந்தப் போகத்திலிருந்து 96 குழிக்குக் கொடுத்தால் போதும் என்றார். கொடுத்ததைப் பற்றி அவரும் பேசலை, அக்காவும் கேட்கலை. 16 குழிக்கு மாவுக்கு மூன்று மூட்டை வீதம் போகத்துக்குக் கிட்டத்தட்ட அரை மூட்டை. வருஷத்துக்கு ஒரு போகம் என்று வைத்தாலே பன்னிரண்டு வருஷத்துக்கு ஆறு மூட்டை. எனக்கு மனசு ஆறலை. "ஆறு மூட்டை அக்கா" என்றேன். "கேட்டா குத்தகையை மாத்திடுவாரு தம்பி. இனிமே போகாதில்ல, அது போதும்" என்றாங்க. குத்தகைக்காரர் நிலைமை அதுதான். கணக்கு சரியாக இருந்தாலும் வாயைத் திறக்கிற தைரியம் தனியாக வேணும்.

நகரத்தில் இருக்கிற உங்களுக்கும் இதில் வேலை இருக்கு. மனை வாங்கும்போது நான்கு பக்க அளவைக் காட்டி, கூட்டிப் பாதியாக்கி, இத்தனை சதுர அடி என்பார்கள். சரி என்று தலையாட்டிவிட்டு, மூலைக்கு மூலை குறுக்கே ஒரு தடவை டேப்பைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது அளவு கிடைத்துவிட்டால் இரண்டு முக்கோணம். அதற்கப்புறம் ஒரு சதுர அடியும் ஒளிய முடியாது. பிடிக்கத் தயங்கினால், அட்வான்ஸை எடுக்க நீங்களும் தயங்குங்கள்.

அக்கா இப்போ மேலண்டைப் பக்கத்து நான்கு மூலை வயலுக்கும் குறுக்களவு பார்க்கணும் என்கிறாங்க. அறுப்பு முடிந்து தரை காயட்டும் என்று சொல்லியிருக்கேன்.